குறிப்பை அழித்தவள்

தணிக்கைப் பிரிவின் கதவை அந்தப் பெண் தட்டாமலே திறந்தாள். நாலு மாதப் பிள்ளையைக் கணவனிடம் விட்டுவிட்டு, ஒன்பது நாளுக்கு முன்புதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள்.

“மேடம், நாளைக்குச் சாயங்காலம் என்னை வேலையை விட்டுத் தூக்கப் போறாங்க. நான் கமென்ட்டைத் தவிர எதையும் தொடலை. சத்தியமா!”

முதுகுக்குப் பின்னால் எல்லோரும் ‘ஊசி’ என்று அழைக்கும் தணிக்கை அதிகாரி நாற்காலியைக் காட்டினாள். “உக்காரு. அழுகையை அப்புறம் வச்சுக்கலாம். என்ன வேலை கொடுத்தாங்க?”

கொடுத்த வேலை யாரும் தொட விரும்பாதது. உள்ளே நுழைகிறவர்களின் டிஜிட்டல் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் லைப்ரரி, அதாவது மென்பொருள் தொகுப்பு ஒன்றை அந்தக் கம்பெனி பதினோரு வாடிக்கையாளர்களுக்கு விற்றிருந்தது. அதன் நிரலுக்கு நடுவே மனிதர்கள் படிப்பதற்கென்று எழுதிவைத்த கமென்ட்கள் குப்பையாய்க் குவிந்து கிடந்தன. இயந்திரம் அவற்றைச் சீண்டுவதே இல்லை. பிள்ளை பெற்று வந்தவளுக்கு மூளை வேலை செய்யாது என்று மேலாளரே முடிவுகட்டி, அதைக் கூட்டிப் பெருக்கச் சொல்லியிருந்தார். விதி ஒன்றுதான்: எந்தக் கமென்ட்டுக்குக் கீழே அதற்குரிய நிரல் வரி இல்லையோ, அதை அழி.

“இருநூத்திப் பன்னெண்டு அழிச்சேன். மறுநாளே ஒரு வாடிக்கையாளர்கிட்ட, காலாவதியான சான்றிதழை வச்சு எவனோ உள்ள நுழைஞ்சுட்டான். தேதி பாக்கற வரியை நான்தான் அழிச்சேன்னு மேலாளர் ஆபீஸ் முழுக்க மெயில் போட்டுட்டார். வாடிக்கையாளர்களுக்கும்தான். இனி எவன் மேடம் எனக்கு வேலை தருவான்?”

பக்கத்து மேசையில் கேட்டுக்கொண்டிருந்த சோதனைப் பிரிவுக்காரர் துள்ளி எழுந்தார். நாற்பத்தைந்து வயது, முடிவுக்கு முதலில் வந்துவிட்டுக் காரணத்தைப் பிறகு தேடுகிறவர் என்பதால் ‘அவசரம்’ என்று பெயர். “மேடம், இவங்க கம்ப்யூட்டர்ல எவனோ பூந்துட்டான்! வெளியாள் வேலை!”

“உங்க தலையிலதான் எவனோ பூந்திருக்கான். உக்காருங்க,” என்றாள் ஊசி. “இவ தொடறதுக்கு முந்தின லைப்ரரியையும், தொட்ட பிறகு வந்ததையும் இயந்திரம் ஓட்டற வடிவத்துக்குக் கட்டிப் பாருங்க. கமென்ட் எல்லாம் அதுல உதிர்ந்துடும். ரெண்டும் ஒண்ணான்னு சொல்லுங்க.”

அவர் ஓடினார். ஊசி, அந்த லைப்ரரிக்குப் பொறுப்பான தலைமைப் பொறியாளரின் கண்ணாடி அறைக்குப் போனாள். தன் பழைய விருதுகளைத் தனக்கே தெரிகிற மாதிரி மேசையில் அடுக்கி வைத்திருக்கிற மனுஷன். பார்த்த மாத்திரத்திலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

“கமென்ட் பெருக்கற பொம்பளைக்காக நீங்க வரணுமா?” என்றார் அவர். “தேதி பாக்கற அழகான மூணு வரி மேடம். கடிகாரம் முன்னப்பின்ன ஓடும்னு ஏழு நிமிஷம் சலுகைகூட இருந்துச்சு. போன வாரம்கூட நான் பார்த்தேன். வெட்டி எறிஞ்சுட்டா.”

“இவ அழிச்ச கமென்ட்ல என்ன இருந்துச்சு?”

“‘காலாவதித் தேதி இங்கே பார்க்கப்படும்.’ அவ்வளவுதான். நான் கொடுத்த ரிப்போர்ட்லயே இருக்கே.”

“வேற எதுலயாவது அந்த ஏழு நிமிஷம் எழுதியிருக்கா?”

“அதையெல்லாம் எவன் எழுதி வைப்பான்?”

ஊசி நன்றி சொல்லவில்லை. இரண்டு தேதிகளை மட்டும் பதிவேட்டில் பார்த்துக்கொண்டு, மறுநாள் மூன்று மணிக்கு எல்லோரையும் மேலாளர் அறையில் உட்கார வைத்தாள்.

“அவசரம், சொல்லுங்க.”

“ரெண்டும் அச்சு அசல் ஒண்ணு மேடம். ஒரு எழுத்து வித்தியாசம் இல்லை.”

மேலாளர் நெளிந்தார். “அப்படின்னா?”

“இயந்திரம் படிக்கற எதையும் இவ தொடலைன்னு அர்த்தம். இவ வர்றதுக்கு முந்தியே தேதி பாக்கற வரி இல்லை. கீழே வரி இல்லைன்னுதான் கமென்ட்டை அழிச்சா. நீங்க சொன்ன விதியை இந்த ஆபீஸ்ல ஒழுங்கா படிச்சவ இவ ஒருத்திதான். மத்தவங்க கமென்ட்டைப் படிச்சுட்டு நிரலைப் படிச்சதா நெனச்சுக்கிட்டீங்க.”

“எப்பலேர்ந்து இல்லை?”

“ரெண்டு வருஷமா,” என்று அவசரம் முந்திக்கொண்டார். “லைப்ரரியைப் புது இடத்துக்கு மாத்தினாங்களே, அந்த முதல் நாள் பதிப்பையே கட்டிப் பார்த்தேன். காலாவதியான சான்றிதழை நீட்டினா வாங்கிக்குது!”

ஊசி தலைமைப் பொறியாளரின் பக்கம் திரும்பினாள். “ரெண்டு வருஷமா இல்லாத மூணு வரியை நீங்க போன வாரம் பார்த்தீங்க. நல்ல கண்ணு! எதுலயும் எழுதாத ஏழு நிமிஷம் உங்களுக்கு மனப்பாடம். அசல் வரியைப் பார்த்தவருக்குத்தான் அது தெரியும். தனி ஆளா லைப்ரரியை மாத்தினது நீங்க. யார் எப்ப எதைத் திருத்தினாங்கங்கற பழைய பதிவைக் கொண்டுவராம விட்டதும் நீங்க.”

“நான் எதுக்கு அந்த வரியை எடுக்கணும்?” அவர் குரல் கீச்சிட்டது.

“மாத்தின அன்னிக்கே வாடிக்கையாளர்களுக்குச் செய்முறை காட்டினீங்க. காட்டின சான்றிதழ் முந்தின நாளே காலாவதி. ரெண்டு தேதியும் பதிவேட்டுல இருக்கு. புதுசு வாங்க அரை நாள் ஆகும். சோம்பேறித்தனத்துல சோதனையையே தூக்கிட்டு, திருப்பி வைக்க மறந்துட்டீங்க. அதோட விட்டிருந்தா மறதி. பழியைக் கைப்பிள்ளைக்காரி தலையில கட்டினீங்களே, அது ஈனத்தனம்.”

அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக் கதவைப் பார்த்தார். அவசரம் அதை வெளிப்படையாகவே ரசித்தார்.

மேலாளர் தொண்டையைச் செருமினார். “சரிம்மா, உன் வேலை பத்திரம். இதை இந்த ரூமுக்குள்ளயே முடிச்சுக்கலாமே?”

அந்தப் பெண் எழுந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். “மெயில் யார் யாருக்குப் போச்சோ, அத்தனை பேருக்கும் இப்பவே எழுதுங்க சார். நான் பாக்கறேன்.”

வேறு வழியில்லாமல் அவர் தட்டினார்: ‘கவனக்குறைவால் ஒரு தவறு நேர்ந்துவிட்டது. வருந்துகிறோம்.’

“அன்னிக்கு என் பேரை மூணு இடத்துல போட்டீங்க சார்,” என்றாள் அவள். “இதுல தலைமைப் பொறியாளர் பேரைக் காணோமே. போடுங்க. நான் நிக்கறேன்.”