முடிக்கும் ஒரு மியூசியம்

தேவசேனாவை மொட்டையடித்துக்கொள்ளும்படி யாரும் சொல்லவில்லை. தம்பி குணா டெங்கு காய்ச்சலோடு திருப்பதி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவளாகவேதான் வேண்டிக்கொண்டாள். அவன் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டான். அந்த வாரமே திருமலைக்குப் போய் முடியைக் கொடுக்கக் கிளம்பிவிட்டாள்.

"ஸ்கூல்ல கண்காட்சி வருதே, அது முடிஞ்சதும் குடுக்கலாம்" என்று அம்மா சொல்லிப் பார்த்தாள்.

"சாமிகிட்ட தேதி பாத்தா வேண்டிக்கினேன்?" என்று கேட்டுவிட்டாள் தேவசேனா.

திருப்பதியில் மொட்டைத் தலை அதிசயமே இல்லை. தெருவில் இறங்கினால் சந்தனம் பூசிய தலைகள்தான். ஆனால் ஆறாம் வகுப்பில் அவள் ஒருத்திதான் மொட்டை. "மொட்ட பாஸ்!" என்று ரவி கத்தினான். வகுப்பே சிரித்தது.

சமூக அறிவியல் ஆசிரியர் நாகபூஷணம் சார் சிரிக்கவில்லை. அவருக்குச் சொந்த ஊர் தமிழும் புழங்கும் நகரி. தமிழ்ப் பிள்ளைகளிடம் தமிழில்தான் பேசுவார். கண்காட்சியில் ஒவ்வொரு குழுவும் ஒரு நாட்டின் அருங்காட்சியகங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு. தேவசேனாவுக்கும் தோழி கன்னிகாவுக்கும் துருக்கி கிடைத்திருந்தது.

கண்காட்சிக்கு முந்தின நாள் சார் ஒரு தொப்பியை நீட்டினார். "நாளைக்கு இதப் போட்டுக்கம்மா. பெரிய மனுஷங்கல்லாம் வராங்க."

"வேணாம் சார்."

"ஏன்?"

"நான் தப்பு ஒண்ணும் பண்ணல. எதுக்கு மறைக்கணும்?"

சாரின் முகம் இறுகியது. "அப்போ கன்னிகா பேசட்டும். நீ பின்னால நில்லு." பிறகு அவர் பார்வை அவர்கள் மேசையிலிருந்த கடைசி சார்ட்டில் விழுந்தது. "இது இன்னா, முடி மியூசியமா? மியூசியம்னா நம்ம சந்திரகிரி கோட்டையில இருக்கறாப்பல சிலை, கத்தின்னு இருக்கணும். இத எடுத்துடு."

"துருக்கியிலயும் முன்ன அப்படித்தான் சார். சுல்தானோட அரண்மனையையே மியூசியமா மாத்தினாங்க. அப்புறம் பொம்மைக்கு ஒண்ணு, சமையலுக்கு ஒண்ணுன்னு வளந்துக்கினே போச்சு. முடிக்கும் ஒண்ணு இருக்குது. அத வுட்டுட்டா பாதிதான் சொன்ன மாதிரி."

"சொன்னதச் செய்" என்று சார் நடந்துவிட்டார்.

தேவசேனா சார்ட்டைச் சுருட்டி மேசைக்கு அடியில் வைத்தாள். கிழித்துப் போட மட்டும் மனசு வரவில்லை.

மறுநாள் கூடத்தில் நல்ல கூட்டம். பிரான்ஸ் மேசையில் தெர்மாகோல் கோபுரத்தைப் பார்க்க வரிசையே நின்றது. துருக்கி மேசையில் கன்னிகா மூச்சு விடாமல் ஒப்பித்தாள். வந்தவர்கள் "ஓகோ" என்று தலையாட்டிவிட்டு நகர்ந்தார்கள். தேவசேனா பின்னால் நின்று பல்லைக் கடித்தாள்.

அப்போது இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அம்மாவோடு வந்தாள். காதுவரை இழுத்துவிட்ட தொப்பி. எங்கிருந்தோ வந்த ரவி அதை வெடுக்கென்று பிடுங்கினான். "டேய், இன்னொரு மொட்ட பாஸ்!"

சிறுமியின் உதடு துடித்தது.

தேவசேனா மேசையைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள். "தொப்பியக் குடு ரவி."

அவள் குரலைக் கேட்டு ரவி கொடுத்துவிட்டான். தேவசேனா அதைச் சிறுமியின் கையில் வைத்துவிட்டு, தன் தலையைக் குனிந்து காட்டினாள்.

"தொட்டுப் பாரு. யாருது சொரசொரன்னு இருக்குது?"

சிறுமி தடவிப் பார்த்தாள். "உன்னுதுதான்க்கா!" என்று களுக்கென்று சிரித்தாள்.

தேவசேனா சுருட்டி வைத்த சார்ட்டை எடுத்து விரித்து மாட்டினாள். "பின்னால நிக்கச் சொன்னாரே!" என்று கன்னிகா கிசுகிசுத்தாள்.

"நின்னது போதும்" என்றாள் தேவசேனா. பிறகு கூடத்துக்கே கேட்கும்படி பேசினாள்.

"துருக்கியில அவனோஸ்னு ஒரு ஊரு. அங்க ஒரு குயவரோட சிநேகிதி ஊர விட்டுப் போறப்போ, ஞாபகமா இருக்கட்டும்னு தன் முடியக் கொஞ்சம் வெட்டிக் குடுத்தாங்களாம். அவரு அதத் தன்னோட குகைக் கடையில மாட்டி வெச்சாரு. அதக் கேட்டு, வந்த பொண்ணுங்கல்லாம் பேரு எழுதி முடிய வெச்சுட்டுப் போனாங்க. இப்ப அந்தக் குகை முழுக்க முடிதான். இங்க நாமளும்தான் முடி குடுக்கறோம். யாருக்காகக் குடுத்தோம்னு எங்க எழுதி வெக்கறோம்?"

ஒரு காகிதத்தைத் துண்டு துண்டாகக் கிழித்தாள். முதல் துண்டில் 'தேவசேனா. தம்பிக்காக' என்று எழுதி சார்ட்டில் ஒட்டினாள்.

சிறுமியின் அம்மா தெலுங்கில் எழுதினார். பத்தாம் வகுப்பு அண்ணன் ஒருவன், 'கணக்குப் பரீட்சைக்காக. அப்பவும் ஃபெயில்' என்று எழுத, கூடமே சிரித்தது. பிரான்ஸ் வரிசை கலைந்து இந்தப் பக்கம் வந்தது.

ரவியும் தயங்கித் தயங்கி வந்தான். "ஒரு வயசுல எனக்கு மொட்ட அடிச்சாங்க. என்னக் கேக்கவே இல்ல. அத எழுதலாமா?"

"முதல்ல அந்தப் பாப்பாகிட்ட சாரி சொல்லு. அப்புறம் எழுது."

அவன் இரண்டையும் செய்தான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு நாகபூஷணம் சார் வந்தார். "இத யாரு எடுத்து மாட்டினது?"

"நான்தான் சார். பேசினதும் நான்தான்." தேவசேனா தலையைக் குனியவில்லை.

சார் துண்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, 'நாகபூஷணம். பொண்ணு பொறக்கணும்னு' என்று ஒரு துண்டில் பொடி எழுத்தில் எழுதினார். அதைச் சார்ட்டின் கீழ் மூலையில் ஒட்டப் போனார்.

"அங்க வேணாம் சார்" என்றாள் தேவசேனா. "நடுவுல எடம் இருக்குது."

சார் மூலையிலிருந்து கையை எடுத்தார். அப்புறம் நடுவிலேயே ஒட்டினார்.