அளந்து வைத்த தண்ணீர்

ஆய்வுக்காகக் காலையில் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துக் குழாய்களில் பிடித்து, மூடியை இறுக்கி வைத்த தண்ணீர்ப் போத்தல்கள் மாலையில் பெட்டியைத் திறந்தபோது காலியாக இருந்தன. மூடிகள் இறுக்கமாகத்தான் இருந்தன. பெட்டியின் அடியிலும் ஈரமில்லை. சிவரூபி மேடுபள்ளமான பாதையின்மேல் பழியைப் போட்டுவிட்டு, கலாராணியின் லயத்து வீட்டுக்கு நடந்தாள்.

தோட்டத்து மக்களுக்குச் சிறுநீரகம் ஏன் கெடுகிறது என்று பதுளையில் இருந்து ஆராய்பவள் சிவரூபி. அவளுடைய ஆய்வுக்கு முதலில் இரத்தம் கொடுத்தவள் கலாராணி. வரும்போதெல்லாம் கொய்யாப்பழம் கொண்டு வருவாள். போன வாரம் மண்சரிவில் பாதை அடைபட்டு, டயாலிசிஸுக்குப் போக முடியாமலே செத்துப்போனாள். "தண்ணி குடுக்காதேங்கோ, நுரையீரலுக்குள்ள போயிடும்" என்று அவள் புருசன் ரமேஸுக்குக் கைபேசியில் சொன்னவள் சிவரூபிதான். பின்னால் கலாராணி தண்ணீருக்குக் கெஞ்சுவது கேட்டது. சொன்னது சரிதான். சரியாகச் சொன்னதுதான் சிவரூபியைத் தின்றுகொண்டிருந்தது.

பனிமூட்டம் லயத்தின் தகரக்கூரை வரை இறங்கியிருந்தது. உள்ளே, கலாராணி உயிர்விட்ட இடத்தில் விளக்கு எரிந்தது. பக்கத்தில் ஒரு டம்ளர். அடியில் கொஞ்சம் தண்ணீர்.

"ஏன் இவ்வளவு கொஞ்சமா வச்சிருக்கிறியள்?"

"நீங்கதானே சொன்னீங்க மிஸ், கூடக் குடிச்சா மூச்சு முட்டும்னு. போன எடத்துலயாவது முட்டாம இருக்கட்டும்னு அளந்துதான் வைக்கிறேன்." ரமேஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வச்ச கையோட காஞ்சிருதுங்க. வெளிய தண்ணி புடிக்கிற பீலியிலயும் நின்னு போச்சு."

செத்த பிறகும் அந்த மனுசிக்கு சிவரூபி போட்ட கட்டுப்பாடு தீரவில்லை.

"ஒரு வாளி கொண்டு வாங்கோ. நிறைய."

மழைநீர்ப் பீப்பாயிலிருந்து மொண்டு வந்து வைத்துவிட்டு, ரமேஸ் அழுகையை அடக்க முடியாமல் வெளியே போனார். அவருக்குப் பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

"குடியுங்கோ அக்கா. இனி ஒருத்தரும் தடுக்க மாட்டினம்."

ஈரச்சுவரின் வாடையையும் விளக்கெண்ணெயின் வாடையையும் மீறி இன்னொரு வாடை மெல்ல எழுந்தது. சிறுநீரகம் முற்றாகக் கெட்டவர்களின் மூச்சில் வரும் வாடை. வாளிக்குள் தண்ணீர் அசைந்தது. தொண்டைக்குள் இறங்கும் சத்தம், பிள்ளைகள் ஓடி வந்து குடிக்கும்போது கேட்பது போல. தண்ணீர் பாதியானது. அப்புறம் அடி தெரிந்தது. வாளி காய்ந்தது.

சத்தம் நிற்கவில்லை.

விழுங்க ஒன்றுமில்லாமல் விழுங்கியது. அவளை நோக்கி நகர்ந்தது. சிவரூபி கதவைத் தள்ளினாள். அசையவில்லை. ரமேஸைக் கூப்பிட வாய் திறந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எச்சில் இல்லை.

வாடை முகத்துக்கு நேரே வந்து நின்றது.

அப்போதும் பயத்தைவிடத் துக்கம்தான் பெரிதாக இருந்தது. அழுதாள். ஒரு வாரமாக வராத அழுகை. கண்ணீர் கன்னத்தில் வழிந்தது.

தாடை வரை வரவில்லை.

வழியிலேயே ஏதோ அதை எடுத்துக்கொண்டது. குளிர்ந்தது. சொரசொரப்பானது. வெடித்துக் காய்ந்த ஒரு நாக்கு. கன்னத்தில் மெல்ல மேலே ஏறியது. இமையில் வந்து நின்றது. அடுத்த சொட்டுக்காக அங்கேயே காத்திருந்தது.