சங்கிலி இல்லாத வீடு

அடுப்படியில் சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டது. பிலோமினம்மாளின் வீட்டில் சங்கிலியே கிடையாது. இருந்த ஒன்றையும் போன வருஷ வெள்ளம் வடிந்த மறுநாளே ரோச்சோர் கால்வாயில் வீசிவிட்டு வந்திருந்தாள்.

மத்தியானம் மூன்று மணிதான். ஆனாலும் மழை அப்படி இருட்டிக்கொண்டு அடித்தது. கடலில் ஓதம் ஏறும் நேரமும் அதுவாகவே அமைந்துவிட, கால்வாய்த் தண்ணீர் போக வழியில்லாமல் சந்துக்குள் திரும்பி, சாக்கடை நாற்றத்தையும் பக்கத்து மாட்டுக்கொட்டகையின் சாணி வாடையையும் கூட்டிக்கொண்டு வாசற்படியைத் தொட்டிருந்தது. வரட்டுமே. இந்த வருஷம் அவள் தயாராக இருந்தாள். பரண்மேல் பிஸ்கட் டின்னில் அரிசி, மெழுகு பூசிய தீக்குச்சிகள், மந்திரித்த மெழுகுவர்த்தி, எண்ணெய்த்துணியில் சுற்றிய அடையாள அட்டைகள், நாய்க்குட்டி சிண்டுவுக்கு மூடி போட்ட ஒரு கூடை, கருவாடு. வாசல் நிலையில் குருத்தோலையும் செருகியாயிற்று.

போன வருஷம் இதெல்லாம் எங்கே இருந்தது? தெருநாயைச் சுடுகிறவர்கள் வருவார்கள் என்று பயந்து நாயை அடுப்படியை ஒட்டிய குழாயடித் தூணில் சங்கிலி போட்டுக் கட்டுவது அந்தச் சந்தில் எல்லா வீட்டு வழக்கம். அவளும் மணியை அப்படித்தான் கட்டியிருந்தாள். கணுக்கால் அளவுதானே ஏறும் என்று அவிழ்க்காமலே கோயிலுக்கு ஓடினாள். விடிந்து வந்து பார்த்தபோது சங்கிலி முழு நீளத்துக்கும் இழுபட்டு, அதன் நுனியில் மணி விறைத்துக் கிடந்தது. பாவி, பாவி என்று ஒரு வருஷமாகத் தன்னையே திட்டிக்கொண்டிருக்கிறாள்.

"அக்கா, பள்ளிக்கூட மாடிக்குப் போறோம், வந்துடுங்க." பக்கத்து வீட்டுக் கோவிந்தசாமி முழங்கால் தண்ணீரில் நின்று கூப்பிட்டான். "நாயை உள்ள விட மாட்டாங்க லா. விட்டுட்டு வாங்க."

"அப்ப நானும் வரல தம்பி. போன தடவை விட்டுட்டு வந்தது போதும்."

அவன் தலையில் அடித்துக்கொண்டு போனான். அவள் சிண்டுவைக் கூடையில் போட்டு மூடி, ஏணியேறிப் பரண் மூலையில் வைத்தாள். மெழுகுவர்த்தியை ஏற்றினாள். அணைந்தது. மறுபடி ஏற்றினாள். மறுபடி அணைந்தது. கீழே பாத்திரங்கள் ஒவ்வொன்றாக மிதந்து ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன.

அப்போது அடுப்படியில் நாய் முனகியது.

சிண்டு எப்போது குதித்தது? கூடையைப் பார்க்க நேரமில்லை. இறங்கினாள். தண்ணீர் இடுப்பளவு. குளிர் எலும்பில் ஏறியது. சுவரைத் தடவிக்கொண்டே குழாயடிக்குப் போனாள். கும்மிருட்டு. கையை நீட்டினாள்.

நனைந்த ரோமம். கழுத்து. கழுத்தில் பட்டை. பட்டையில் சங்கிலி.

கை நின்றுவிட்டது. இந்த வீட்டில் சங்கிலி கிடையாது. ஏணி நாலே எட்டில் இருந்தது. போயிருக்கலாம். உடம்பு முழுக்கப் போ, போ என்றது. மாதாவே.

"போக மாட்டேன்," என்றாள் சத்தமாக. "நீ எதுவா இருந்தாலும் சரி. அவுக்காம போக மாட்டேன்."

கொக்கி துருவேறி இருந்தது. நகம் பிய்ந்தது. கழற்றினாள். வாரி அணைத்துக்கொண்டாள். கனத்தது. நனைந்தால் கனக்கத்தான் செய்யும். ஆனால் இவ்வளவா? அதன் விலா ஏறி இறங்கவில்லை.

ஒரு படி. இன்னொரு படி. பரண்.

மூலையில் கூடையின் மூடி அசைந்தது. உள்ளேயிருந்து சிண்டு உறுமியது, அவள் மார்போடு அணைத்திருந்ததை நோக்கி.

பல் தந்தியடித்தது.

"இந்தத் தடவை விடலடா, மணி," என்றாள்.

காதோரத்தில் ஒரு நாக்கு நக்கியது. ஊறிப்போன நாக்கு. அதில் சூடே இல்லை. அவள் கையைத் தளர்த்தவில்லை.