அடியில் ஆள் இல்லை

மேட்ச் முடிந்து கூட்டம் கலைந்தபின் அரங்கத்தில் மிஞ்சியவர்கள் நான்கு பேர். மடக்கு கேலரியின் முதல் வரிசையில், நடைவழியை ஒட்டி, கால் நீட்ட வாகாக மேனேஜர் சீனிவாசராகவன். நடுவில் ஒரு இருக்கையில் லேப்டாப் பையை உட்காரவைத்துவிட்டு அடுத்ததில், நாளைக்குக் கல்யாணக் கண்காட்சி நடத்தப்போகும் கம்பெனியின் தீபிகா. படிக்கட்டில் குத்துக்காலிட்டு உத்தமன். அவனுக்கு மூன்று வரிசை மேலே, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு சில்வெஸ்டர்.

ஆனால் இறங்கியிருந்த இருக்கை இன்னொன்றும் இருந்தது. சினிமாக் கொட்டகை நாற்காலி மாதிரிதான் எல்லாம், எதிர்ப்பக்கத்து சிமென்ட் கேலரியிலும். ஆள் எழுந்ததும் ஸ்பிரிங்கில் தானே மேலே மடிந்துகொள்ளும். கடைசி வரிசையின் மூலையில், புகைபோக்கி விசிறிக்குக் கீழே, ஒன்று மட்டும் மடியாமல் இருந்தது. யாரோ அதில் அழுந்த உட்கார்ந்து இவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல.

"எட்டு மணிக்கு லோடு வண்டி வந்துரும் சார்," என்றாள் தீபிகா. "அதுக்குள்ள கேலரியை உள்ள தள்ளி, முறையா மூடியாச்சுன்னு லெட்டர் குடுத்துடுங்க. போன தடவை மாதிரி லேட்டுன்னா, எங்க பாஸ் எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் புது ஹால் பாத்துக்கலாம்னுட்டார்."

சீனிவாசராகவன் சில்வெஸ்டரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை சில்வெஸ்டருக்குப் பழக்கம்தான். ஊர் நடுவில் இந்த அரங்கம் ஒரு நாள் பேட்மின்டன், ஒரு நாள் நர்ஸுகளுக்குப் பட்டமளிப்பு, ஒரு நாள் ஓட்டு எண்ணிக்கை, மழை வெள்ளத்தில் ஒரு வாரம் ஜனங்கள் படுத்துக் கிடக்கும் கூடம் என்று மாறிக்கொண்டே இருந்தது. இங்கே விளக்கு எரிந்தால்தான் வாசல் இட்லி வண்டிக்கும், எதிர்சாரி லாட்ஜுக்கும், ஆட்டோ ஸ்டாண்டுக்கும் அன்றைய பாடு ஓடும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கேலரியை இழுத்து, தள்ளி, இழுத்து, தள்ளி சில்வெஸ்டரின் இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. முன்பு ஆறு பேர் செய்த வேலை. இப்போது அவரும் உத்தமனும்.

"மேல ஒருத்தர் இன்னும் எழுந்திரிக்கலண்ணே," என்றான் உத்தமன், மூலை இருக்கையைக் காட்டி. "டீம் தோத்த துக்கம் போல."

"போய் ஆறுதல் சொல்லிட்டு வா."

அவன் தாவித் தாவி ஏறினான். இருக்கையைத் தூக்கிப் பார்த்தான். அது வரவில்லை. உள்ளங்கையை அதன்மேல் வைத்தவன் சட்டென்று எடுத்துக்கொண்டான்.

"சூடா இருக்குண்ணே."

"லைட்டுக்கு நேர் கீழ இருந்தா சூடாத்தான் இருக்கும். எறங்கு, நேரமாவுது."

மேனேஜரும் தீபிகாவும் எதிர்ப்பக்கத்து சிமென்ட் கேலரியில் படியேறி, மேலே இருந்த வாசல் ஆபீசுக்குப் போய்விட்டார்கள். அந்த மூலையில் விளக்கே கிடையாது என்பது சில்வெஸ்டருக்குப் பிறகுதான் நினைவு வந்தது.

மடக்கு கேலரி என்பது மேஜை இழுப்பறை போன்றது. முன்பு கையால் தள்ளினார்கள், இப்போது மோட்டார். அது ஓடினால் கீழ்வரிசை மேல்வரிசைக்கு அடியில் நுழையும், அது அதற்கு மேலதின் அடியில். கடைசியில் எல்லாம் சேர்ந்து சுவரோடு ஒரு அலமாரியாக நிற்கும். அடியில் முழுக்க இரும்புக் கால்கள். பந்து பொறுக்கப் போன பிள்ளைகள், போதையில் தூங்குகிறவர்கள், யார் வேண்டுமானாலும் அங்கே இருக்கலாம். அதனால் மூடுமுன் ஒருவர் டார்ச்சோடு உள்ளே போய்ப் பார்ப்பார். ஒவ்வொரு காலையும் ஸ்பேனரால் தட்டிக்கொண்டே போய், மறுமுனையில் தன் பெயரைச் சத்தமாகச் சொல்லி வெளியே வந்து, கழுத்து அட்டையை வெளியில் இருப்பவர் கையில் கொடுக்க வேண்டும். பெயரைக் கேட்டு, முகத்தைப் பார்த்து, அட்டையை வாங்கின பிறகுதான் சாவி திருகலாம். இந்த முறையைக் கொண்டுவந்தவர் சில்வெஸ்டர். தங்கவயலில் சுரங்கத்துக்குள் போன அவருடைய அப்பா டோக்கன் கொடுத்துத்தான் இறங்குவார், பெயர் சொல்லித்தான் ஏறுவார்.

அன்றைக்கு உள்ளே போக வேண்டியது சில்வெஸ்டர். "கால் மடங்க மாட்டேங்குதுடா," என்றார்.

"ஆய்து ஆய்து, சரிண்ணே, நான் போறேன். நீங்க லெட்டர எழுத ஆரம்பிங்க, உங்க முத்துமுத்தான கையெழுத்துக்குத்தான் டைம் ஆவும்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அது விழும் ஓசை, வியர்வையும் பாப்கார்னும் ரப்பரும் கலந்த தரைவாசம், கேலரிக்கடியில் தூரம் போய்க்கொண்டிருக்கும் டங், டங், டங். சில்வெஸ்டர் மோட்டார் பெட்டியின்மேல் தாளை வைத்து, தேதி இட்டு, ஓரம் விட்டு, 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கினார். பாதியில் ஏதோ ஒரு சத்தம், நிமிர்ந்தார். மேலே மூலையில் இருந்த இருக்கை மடிந்துகொண்டிருந்தது. நல்லது, ஸ்பிரிங் சரியாகிவிட்டது.

டங், டங். அப்புறம் தட்டும் சத்தம் இல்லை.

தாளின் ஓரத்துக்கு ஒரு கை அட்டையை நீட்டியது. வாங்கினார். நிமிரவில்லை. ஒரு வாக்கியம் பாக்கி இருந்தது, நேரமும் இல்லை. சாவியைத் திருகினார். மோட்டார் முனகி, வரிசை வரிசையாக உள்ளே போய், கடைசி இரும்பு மோதி நின்றது.

சாவியை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உத்தமன் பக்கத்தில் நின்றான்.

அப்போதுதான் அவன் பெயர் சொல்லவில்லை என்பது உறைத்தது.

போன் அடித்தது. உத்தமனுடைய போன், அவன் மகள் பாட்டுப் பாடிப் பதிந்து வைத்த மணி. கேலரிக்குள்ளிருந்து அடித்தது.

"உள்ள விழுந்துடுச்சு போலண்ணே," என்றான் பக்கத்தில் நின்றவன். "நாளைக்கி எடுத்துக்கலாம்."

மணி நின்றது. யாரோ எடுத்து நிறுத்தியதுபோல, பாதிப் பாட்டில்.

டங்.

இரும்பின் உள்ளே. சுவரோரம். கேலரி மூடினால் அங்கே ஒரு சாண் இடம் மிஞ்சும். ஆள் பக்கவாட்டில் நிற்கலாம். மூச்சை முழுசாக இழுக்க முடியாது.

டங். டங்.

"உத்தமன்," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். முறைப்படி. மெல்ல. "அண்ணே, உத்தமன். உள்ள இருக்கேன். மூடிட்டீங்கண்ணே."

சில்வெஸ்டரின் கை தானாக மோட்டார் பெட்டிக்குப் போனது. அதன்மேல் இன்னொரு கை வந்து படிந்தது. சூடாக இருந்தது. யாரோ வெகுநேரம் உட்கார்ந்து எழுந்த இடத்தின் சூடு.

"லெட்டர முடிங்கண்ணே. நேரமாவுது."

"உன் பேரச் சொல்லு."

"எந்தப் பேருண்ணே?"

அவர் பக்கத்தில் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று எலும்பெல்லாம் சொன்னது. கத்தலாம். ஆபீஸ் தூரம். கூரையெல்லாம் மழை. சாவி அந்தக் கழுத்தில். அந்தக் கழுத்தைத் தொட வேண்டும். இத்தனை வருஷம் இழுத்தும் தள்ளியும் தேய்ந்த உடம்பு, அதற்குத் துணியவில்லை.

"அண்ணே," என்றது உள்ளே. "மூச்சு முட்டுதுண்ணே."

பேனாவை எடுத்தார். எழுத்து வழக்கம்போல முத்துமுத்தாக வந்தது. 'கேலரி முறையாக மூடப்பட்டது. அடியில் ஆள் இல்லை என்று உறுதி கூறுகிறேன். இப்படிக்கு.' மடித்தார். உறையில் இட்டார். நாக்கு வறண்டு பசை ஈரமாகவில்லை. இரண்டு முறை நக்கினார். பெருவிரலால் ஓரம் முழுக்க அழுத்தினார்.

சூடான விரல்கள் அதை வாங்கிக்கொண்டன.

எதிர்ப்பக்கத்து சிமென்ட் கேலரியின் படிகளில் அது ஏறிப் போனது, வாசலை நோக்கி, உத்தமனுடைய தாவல் நடையில், உறையை மார்போடு பிடித்துக்கொண்டு. அது கடந்த வரிசையில் ஓர் இருக்கை மெல்ல இறங்கியது. அடுத்ததில் ஒன்று. பிறகு அதன் பக்கத்தில். பிறகு முழு வரிசை. ஸ்பிரிங்குகள் ஒவ்வொன்றாக முனக, ஆளில்லாத இருக்கைகள் மேல்வரை அழுந்தி அமர்ந்தன, எல்லாம் சில்வெஸ்டரைப் பார்த்து.

அவர் முதுகுக்குப் பின்னால், இரும்பில்.

டங். டங்.

டங்.

மேலே, கடிதத்துக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.