வண்டுக்கு வந்த ரீங்காரம்

அத்தியாவுக்கு அன்று தலையே சுற்றியது. எல்லாம் ஒரே ஒரு வார்த்தையால்.

காலையில் பாட்டு டீச்சர் விஜயலட்சுமி சுருதிப்பெட்டியை அமுக்கி, “இந்த ரீங்காரத்தோட சேர்ந்து பாடுங்க” என்றார். மதியம் அறிவியல் சார் வேடியப்பன், தட்டையாக்கிய சோடா மூடியில் இரண்டு துளை போட்டு, நூல் கோத்து, முறுக்கி இழுத்தார். ‘ம்ம்ம்ம்’ என்றது.

“காத்து அதிருது. அதான் ரீங்காரம். ஆளுக்கு ஒண்ணு செஞ்சு பாருங்க” என்றார் சார்.

அத்தியாவும் ஒன்று செய்து பையில் போட்டுக்கொண்டாள். குழப்பம் மட்டும் தீரவில்லை. அது பாட்டா, பாடமா?

வீட்டுக்கு வந்ததும் தம்பியைக் கேட்டாள். “அன்சர், ரீங்காரம்னா இன்னாடா?”

“அதுவா? வண்டு!”

“வண்டா?”

“பொம்மலாட்டத்துல வர்ற வண்டோட பேரு அதான். இன்னிக்கு மைதானத்துல ஆட்டம். வா, போலாம்!”

போச்சு, இருந்த குழப்பம் போதாதென்று இது வேறு!

மைதானத்தில் பிள்ளைகள் காத்திருந்தார்கள். ஆனால் பொம்மலாட்டக்காரர் கொளஞ்சியம்மாள் பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“ஆட்டம் இல்லீங்களா?” என்றாள் அத்தியா.

“எங்கண்ணன் ஆர்மோனியத்தோட உளுந்தூர்பேட்டையில மாட்டிக்கினாரும்மா. இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடக்குது. மூணு நாளா பஸ் ஏது? சத்தம் இல்லாத வண்டை யாரு பாப்பாங்க?”

அன்சரின் உதடு பிதுங்கியது. பாவம், ஒரு வாரமாக இந்த வண்டைப் பற்றியே பேசிக்கொண்டு திரிந்தவன். அத்தியாவுக்கு மனசு கேட்கவில்லை. சட்டென்று சோடா மூடியை எடுத்து நூலை இழுத்தாள்.

‘ம்ம்ம்ம்ம்ம்!’

கொளஞ்சியம்மாள் திரும்பிப் பார்த்தார். “இது இன்னாம்மா?”

“தெரியலீங்க. டீச்சர் பாட்டுன்றாங்க, சார் பாடம்ன்றாரு.”

“எனக்கு வண்டு! வா, திரைக்குப் பின்னாடி குந்து.”

ஆட்டம் தொடங்கியது. விரலில் நூல் அதிர்ந்தது. காதில் சுருதி கேட்டது. தலைக்கு மேலே வண்டு பறந்தது. அப்படியென்றால் மூன்றும் ஒன்றுதானோ? யோசித்துக்கொண்டே அத்தியா இழுத்துக்கொண்டிருந்தாள்.

“நிறுத்தும்மா! வண்டு தூங்கி எவ்ளோ நேரமாச்சு!” என்று கத்தினார் கொளஞ்சியம்மாள்.

வண்டு குறட்டை விடுகிறது என்று நினைத்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எல்லாரையும் விடப் பலமாகச் சிரித்தவன் அன்சர்.

ஆட்டம் முடிந்ததும் கொளஞ்சியம்மாள் அவள் கன்னத்தைத் தட்டினார். “பஸ் வர்ற வரைக்கும் நீதான் எனக்கு ஆர்மோனியம். நாளைக்கும் வந்துடு.”

பஸ் எப்போது வரும் என்று கள்ளக்குறிச்சியே வழிமேல் விழி வைத்துக் காத்திருந்தது. அத்தியா மட்டும், “இன்னும் ஒரே ஒரு நாள் கழிச்சு வரட்டும்” என்று அல்லாவிடம் ரகசியமாகக் கேட்டுக்கொண்டாள்.