அம்மா கூப்பிட்டது யாரை?

"சொந்தக்காரங்க முகத்துல முழிக்க முடியல சார். அம்மா உயிருக்குப் போராடினப்போ நான் போனை எடுக்கலையாம். என் போன் அடிக்கவே இல்ல."

அச்சக முதலாளி மேசைமேல் ஒரு பட்டன் போனை வைத்தார். இறந்துபோன அம்மாவுடையது.

எதிரே இருந்த துப்பறிவாளருக்கு 'நிதானம்' என்று பட்டப்பெயர். அவருடைய மைத்துனன் அதற்கு நேர்மாறு. வாசல் மணி அடிக்கும்போதே குற்றவாளி யாரென்று சொல்லிவிடும் ரகம்.

வந்தவர் சொன்னது இதுதான். புது இயந்திரம் ஒன்றைப் பார்க்க மனைவியோடு வெளிநாடு போயிருந்தார். இறங்கியதும் அந்த நாட்டு சிம்மை வாங்கிப் போட்டுக்கொண்டு, பழைய சிம்மைக் கழற்றிப் பர்ஸில் செருகினார். ரோமிங்குக்கு யார் அழுவது? வருகிற ஆர்டர்களைக் கவனிக்கத்தான் தம்பி இருந்தான்.

அந்தப் பயணத்தின்போதுதான், வீட்டில் தனியாக இருந்த அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தது. எடுப்பான், எடுப்பான் என்று போனோடு காத்திருந்துவிட்டு, கடைசியில்தான் எதிர்வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். "ரிங் போகுது, பிள்ளை எடுக்க மாட்டேங்கிறான்" என்று எதிர்வீட்டு அம்மாளிடம் சொன்னாராம். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டவில்லை. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்றார் டாக்டர்.

அச்சகக்காரரின் சந்தேகமெல்லாம் தம்பிமேல். காதலித்த பெண்ணை அம்மா வேண்டாமென்றதால் கோபித்துக்கொண்டு, அச்சக மாடியில் தனியாகக் குடியிருந்தவன். தாயும் மகனும் பேசிப் பல மாதம் ஆகியிருந்தது. அப்படிப்பட்டவன் அம்மாவின் உடலருகே உட்கார்ந்து, "கூப்பிட்டியேம்மா, எடுக்கலையே" என்று முனகியதை அண்ணன் காதால் கேட்டிருந்தார். தன் எண்ணில் அவன் ஏதோ கை வைத்திருக்கிறான் என்றார்.

"முடிஞ்சுது அத்தான், தம்பிதான்" என்றான் மைத்துனன்.

"அவர் இன்னும் சரியா உட்காரக்கூட இல்லையேடா மச்சான்."

நிதானம் பட்டன் போனைத் திறந்து பார்த்தார். அன்றைக்கு அம்மா அழைத்ததெல்லாம் 'பெரியவன்' எண்ணுக்குத்தான். 'சின்னவன்' பெயர் ஒருமுறைகூட இல்லை.

"பர்ஸ்ல கிடக்கிற சிம்முக்கு ரிங் போகுமா?"

"எப்படிப் போகும்? ஸ்விட்ச் ஆஃப்னு சொல்லும்."

"ஆனா அம்மா காதுல ரிங் கேட்டிருக்கு. அப்போ எங்கேயோ ஒரு போன் அடிச்சிருக்கு. தப்பு பண்ணினவன் அதை மறைப்பான். இவன் என்னடான்னா, அம்மா தனக்குப் பண்ணாத போனை எடுக்கலைன்னு அழறான். அந்த அழுகை நிஜம்னா, அடிச்சது அவன் போன்."

பிறகு அச்சகக்காரரைப் பார்த்துக் கேட்டார். "கிளம்பும்போது, ஆர்டர் தவறக் கூடாதுன்னு உங்க நம்பரைத் தம்பிக்குத் திருப்பிவிட்டீங்களா?"

அச்சகக்காரரின் வாய் திறந்தபடியே நின்றது. ஏர்போர்ட்டிலேயே போட்டாராம். தன் எண் கிடைக்காதபோது அழைப்பு தம்பிக்குப் போகும்படி. ஊர் திரும்பிப் பழைய சிம்மைப் போட்டதும் எல்லாம் வழக்கம்போல வந்ததால், அது நினைவிலேயே இல்லை.

"திருப்பிவிட்ட அழைப்புல, கூப்பிட்டவங்க பேர்தான் தெரியும். தம்பி போன்ல 'அம்மா'ன்னு வந்திருக்கும். தன்னைத்தான் கூப்பிடறாங்கன்னு நினைச்சு, வீம்புக்கு எடுக்காம விட்டிருக்கான். வேற சதி ஒண்ணும் இல்ல."

அம்மாவுக்குப் புது எண்ணைக் கொடுத்தாரா என்று மைத்துனன் மெதுவாகக் கேட்டான். வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்பியதாகச் சொல்ல ஆரம்பித்தவர், மேசைமேல் இருந்த பட்டன் போனைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். தம்பியிடம் விஷயத்தைச் சொல்லி அவனை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டால் உறவுக்காரர்கள் வாயை அடைத்துவிடலாம் என்றார். நீங்களும் கூட வாருங்கள் என்று இருவரையும் அழைத்துக்கொண்டு போனார்.

அச்சகத்தில் தம்பி மை படிந்த கையோடு காகிதக் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தான். நிதானம் கேட்டதும் மறுக்காமல் போனை நீட்டினான். எடுக்காத அழைப்புகளின் வரிசையில் 'அம்மா'. நேரமெல்லாம் பட்டன் போனில் இருந்ததோடு அப்படியே பொருந்தியது.

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் தம்பி பேசினான்.

"எல்லாரும் உன்னைத் திட்டறாங்கண்ணா. தப்பு என்னோடது. அம்மா என்னைத்தான் கூப்பிட்டாங்க. பேரைப் பார்த்துட்டே கவுத்து வெச்சேன்." காகிதத்தின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தான். "ஆனா கடைசியில கோபம் தீர்ந்து, என்னைத்தான் தேடியிருக்காங்க. அது ஒண்ணை வெச்சுத்தான் ராத்திரி கண்ணை மூடறேன். நாளைக்கே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். உன் மேல பழி வேண்டாம்."

மைத்துனன் எதையோ சொல்ல வந்தான். நிதானம் அவன் தோளை அழுத்தினார்.

அண்ணன் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தான் தேடி வந்தது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"யார்கிட்டயும் சொல்லாதே" என்றார் கடைசியில். "அம்மா என்னைக் கூப்பிட்டதாவே இருக்கட்டும்."

தம்பி மை அப்பிய கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்காக நீ எதுக்குண்ணா பொய் சொல்லணும்?"