வெட்டிப் போட்ட வால்

கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. உள்ளே குளுகுளுவென்று ஏசி. சுவர் முழுக்கப் படங்கள், படம் முழுக்கச் சிரிக்கும் நோயாளிகள். நுரையீரல் நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கும் பெரிய தர்ம நிறுவனம் அது. முன்பக்கம் அலுவலகம், நடுவில் ஆராய்ச்சிக்கூடம், முற்றத்தைத் தாண்டினால் புது மருந்துகளைச் சோதித்துப் பார்க்கும் வார்டு. லிஃப்டில் ஏறினால் ஒரு பெண் குரல் "கதவு மூடுகிறது" என்று மரியாதையாகச் சொல்லும். முதல் நாள் அந்தக் குரலுக்குக்கூட அவள் "சரிங்க" என்று பதில் சொன்னாள்.

கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிற பெண். வீட்டில் அவளுக்கு வாலு என்றுதான் பெயர். யார் எதைச் சொன்னாலும் பின்னாலேயே ஒரு வார்த்தை ஒட்டவைப்பாள் என்று அக்கா வைத்த பெயர். அந்த அக்காவுக்குத்தான் நோய். போன வருஷம் மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. இந்த வருஷம் தலை சீவிக்கொண்டாலே வாங்குகிறது. உள்ளே நாலு பேரைத் தெரிந்து வைத்துக்கொண்டால் அக்காவுக்கு அந்த வார்டில் ஒரு கட்டில் கிடைக்கும் என்றுதான் வாலு இன்டர்ன்ஷிப்புக்கு இந்த இடத்தையே பிடித்துத் தொங்கினாள்.

அவளைக் கதைப் பிரிவில் போட்டார்கள். நோயாளிகளின் பேச்சைப் பதிவு செய்து, துடைத்து மெருகேற்றி, நன்கொடை கொடுப்பவர்களுக்கு அனுப்புகிற இடம். கதைப் பிரிவாம்! பெயரிலேயே உண்மையைச் சொல்லிவிட்டார்கள், அவளுக்குத்தான் அன்றைக்கு உறைக்கவில்லை.

பதிவு அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு. கதவைச் சாத்தினால் வெளி உலகம் அப்படியே செத்துப்போகும். எச்சில் விழுங்குகிற சத்தம்கூடக் காதுக்குள் கேட்கும். அங்கே இருந்த ஒரே ஆளை எல்லோரும் ஹெட்போன் அண்ணன் என்றார்கள். சாப்பிடும்போதும் மனுஷன் அதைக் காதிலிருந்து எடுப்பதில்லை. பேச வேண்டுமென்றால் ஒரு காதை மட்டும் திறப்பார்.

"இங்க வேலை சிம்பிள். இருமலை எடு, இழுப்பை எடு, வாலை வெட்டு."

"வீட்ல என் பேரே வாலுதாண்ணே. வந்த அன்னைக்கேவா?"

"நீ வேற. பேசி முடிச்ச பிறகும் எதையாவது இழுத்துக்கிட்டே இருப்பாங்க இல்ல, அந்த வால்."

அவள் கைக்கு வந்த முதல் குரல் ஒரு நீச்சல் டீச்சருடையது. நோயாளியின் குரல் மாதிரியே இல்லை. குளத்தின் அந்தக் கரையில் நிற்கும் பிள்ளைக்கு இந்தக் கரையிலிருந்து கத்திப் பழகிய குரல். ஆனால் வார்த்தைக்கு வார்த்தை நடுவே நெஞ்சு விசில் அடித்தது.

"இந்த மருந்து எடுத்ததுக்கப்புறம் எனக்கு மூச்சு நல்லா வருதுன்னு சொல்லச் சொன்னாங்க."

வாலு திரும்பவும் போட்டுக் கேட்டாள். அது பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன வாக்கியம்.

"அண்ணே, 'நல்லா வருது'ல வெட்டணுமா? அர்த்தமே மாறிடுமே."

"ஆக்சிஜன் குறைஞ்சா ஏதாவது உளறுவாங்கம்மா. நம்ம பிரிவு மேடமே கேட்டுட்டுச் சொன்னதுதான். வெட்டு."

வந்து ஒரு வாரம்கூட ஆகாத பெண் என்ன சண்டையா போடுவாள்? வெட்டினாள். வெட்டின துண்டையும், முழுப் பதிவையும், அண்ணன் சொன்னபடியே அழித்தாள். 'எனக்கு மூச்சு நல்லா வருது.' சுத்தமாக, அழகாக நின்றது வாக்கியம்.

"இந்த டீச்சர் இப்ப எங்கண்ணே?"

"போயிட்டாங்க."

"வீட்டுக்கா?"

அண்ணன் திறந்த காதை மூடிக்கொண்டார்.

அந்தக் குரல் எங்கெல்லாமோ போனது. ஃபோனுக்கு ஃபோன் தாவி, கடைசியில் வாலுவின் வீட்டுக்கே வந்தது. சோதனை மருந்து என்றாலே பயந்துகொண்டிருந்த அக்கா அதைக் கேட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். "ஒரு நீச்சல் டீச்சருக்கே மூச்சு திரும்பிடுச்சாம்டி. நான் என்ன, சமையல்கட்டுக்கும் கூடத்துக்கும் நடக்கிற அளவுக்கு வந்தா போதாதா?"

"அது நான் எடிட் பண்ணதுதான் அக்கா!" என்றாள் வாலு, பெருமை தாங்காமல். யாரையோ பிடித்துக் கெஞ்சிக் கட்டிலும் வாங்கிவிட்டாள். அக்கா வார்டில் சேர்ந்தாள். முதல் ஊசி வெள்ளிக்கிழமை என்றார்கள்.

வியாழக்கிழமை மதியம் வாலு பதிவு அறையில் தனியாக இருந்தாள். ஒரு பெரியவரின் குரல் ஓடிக்கொண்டிருந்தது.

"இந்த நிறுவனத்துக்கு ரொம்ப நன்றிங்க."

அவர் முடித்துவிட்டார். திரையில் குரலோடு துள்ளிய ஒலிக்கோடு படுத்துவிட்டது.

அப்போது அந்த வாசனை வந்தது. நீச்சல் குளத்துத் தண்ணீரின் குளோரின் வாசனை. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத அறையில்.

"…ன்னு சொல்லச் சொன்னாங்க."

வாலு வெட்டி அழித்த அதே துண்டு. திரையைப் பார்த்தாள். கோடு படுத்தபடியேதான் இருந்தது. ஹெட்போனைக் கழற்றினாள். காதில் வைக்கும் பஞ்சு சொதசொதவென்று நனைந்திருந்தது.

"யாரு?" என்று கேட்டாள். அந்தச் சுவர்கள் சத்தத்தைத் தின்னும், திருப்பித் தராது.

ஆனால் சுவருக்குள் யாரோ மூச்சு இழுத்தார்கள். விசில் அடிக்கிற மூச்சு.

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி லிஃப்டுக்குள் விழுந்தாள்.

"கதவு மூடுகிறது."

அவள் காத்திருந்தாள். கதவு மூடவில்லை.

"…ன்னு சொல்லச் சொன்னாங்க."

படியில் இறங்கினாள்.  பாதியில் எதிரே வந்தார் ஹெட்போன் அண்ணன். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவர் முகம் வெளுத்தது. இரண்டு காதையும் திறந்தார். உள்ளே சினிமாப் பாட்டு இரைச்சலாக ஓடிக்கொண்டிருந்தது.

"உனக்கும் கேக்குதா?" என்று கிசுகிசுத்தார்.

"அதுக்காகத்தான் இத மாட்டிக்கிட்டே திரியறீங்களா?"

"வேற என்ன பண்ணச் சொல்ற? கழட்டினா யார் எதப் பேசினாலும் பின்னாலயே வருது. பல்லி வால் மாதிரி, வெட்டிப் போட்டும் துடிக்குது."

"டீச்சருக்கு என்னாச்சு? உண்மையச் சொல்லுங்க."

அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தார். "ரெக்கார்ட் பண்ண அதே வாரம் போயிட்டாங்க. ஊசி ஏற ஏற மூச்சு கம்மியாச்சு. மைக்கு முன்னாடி உட்கார வச்சப்பவே உதடெல்லாம் நீலம். எங்கிட்ட ஒண்ணுதான் கேட்டாங்க. நான் சொன்னத முழுசாப் போடுப்பான்னு."

"அடப்பாவிங்களா!" படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. "நாளைக்கு எங்கக்காவுக்கு அதே ஊசி! என் கையாலயே வெட்ட வச்சீங்களே! நல்லா இருப்பீங்களா நீங்கல்லாம்?"

அவர் பாட்டைக் காதில் மாட்டிக்கொண்டார்.

மேடத்தின் அறை முதல் மாடியில். கதைப் பிரிவின் தலைவி. மேஜையில் புதுப் பூ, பக்கத்தில் ஒரு கறுப்பு ஸ்பீக்கர் ஃபோன். கதவைத் தட்டவேண்டும் என்ற எண்ணமே வாலுவுக்கு வரவில்லை.

"அந்த டீச்சர் செத்துட்டாங்க. மருந்து அவங்களைக் கொன்னிருக்கு. உங்களுக்குத் தெரியும்."

மேடம் நிமிர்ந்தாள். குரல் உயரவே இல்லை. "உட்காரும்மா. ஒருத்தருக்கு ஒத்துக்கலன்னா மருந்தே தப்புன்னு ஆகாது. நம்பிக்கை இருந்தாத்தான் ஆள் வருவாங்க, ஆள் வந்தாத்தான் ஆராய்ச்சி நடக்கும். நாங்க யாரையும் ஏமாத்தல."

ஃபோனின் சின்னத் துளைகளிலிருந்து, ஈரமான ஒரு மூச்சு.

"…ன்னு சொல்லச் சொன்னாங்க."

மேடம் 'என்ன சத்தம் அது' என்று கேட்கவில்லை. யார் பேசியது என்று தேடவில்லை. ஃபோனைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் உள்ளங்கையை அழுத்திக்கொண்டாள், அவ்வளவுதான். அதன் ஒயர் எப்போதோ பிடுங்கப்பட்டு மேஜைக்குக் கீழே சுருண்டு கிடந்தது.

வாலு மேஜையில் இரண்டு கையையும் ஊன்றினாள். பயமெல்லாம் போன இடம் தெரியவில்லை. "உங்களுக்கும் கேக்குது. தினமும் கேக்குது. கேட்டுக்கிட்டே பூ மாத்தி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க. நீங்கல்லாம் மனுஷங்களா?"

"உங்கக்காவுக்குக் கட்டில் கொடுத்தது யாருன்னு யோசிச்சுப் பேசு."

"உங்க கட்டிலும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். இப்பவே கூட்டிக்கிட்டுப் போறேன்."

முற்றத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. வாலு ஓடினாள். வார்டு வாசல் சுவரிலும் அதே படங்களில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முகத்தையும் கிழித்துப்போட வேண்டும் போலிருந்தது. நாளைக்குத்தானே ஊசி, நாளைக்குத்தானே என்று சொல்லிக்கொண்டே ஓடினாள்.

அக்கா ஜன்னலோரக் கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்தாள். தங்கையைப் பார்த்ததும் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

"எழுந்திருக்கா. வீட்டுக்குப் போலாம். அந்த ஊசி வேணாம். அப்புறம் சொல்றேன், முதல்ல செருப்பப் போடு."

"என்னடி இது, காத்து மாதிரி வந்து…"

"எழுந்திருங்கறேன்ல!"

அக்கா எழவில்லை. பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பினாள். அந்தத் திருப்பல் வாலுவுக்குத் தெரியும். சின்ன வயதில் அவளுடைய பொம்மையை உடைத்த அன்றும் அக்கா இப்படித்தான் திரும்பினாள்.

போர்வையை வெடுக்கென்று இழுத்தாள். முழங்கை மடிப்பில் வட்டமாக ஒரு பிளாஸ்திரி.

"காலையிலேயே போட்டுட்டாங்க வாலு. இன்னைக்குப் போட வேண்டியவங்க யாரோ வரலையாம். நீ கத்துவேன்னுதான் ஃபோன் பண்ணல." அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் சில்லென்றிருந்தன. "ஏண்டி அழற? ஒண்ணும் ஆகல. என்னைப் பாரு. எனக்கு மூச்சு நல்லா வருது."

எப்போதும் பின்னாலேயே ஒரு வார்த்தை ஒட்டவைக்கும் வாலு, வாயைத் திறக்கவில்லை. அந்த வாக்கியம் அங்கேயே முடிந்துவிட வேண்டும். கடவுளே, அங்கேயே முடிந்துவிட வேண்டும்.

எங்கிருந்தோ குளோரின் வாசனை வந்தது.

அக்காவின் உதடுகள் மூடித்தான் இருந்தன.

"…ன்னு சொல்லச் சொன்னாங்க."

அக்கா மெல்லத் தலையைத் திருப்பி, தலையணையின் மறுபக்கத்தைப் பார்த்தாள். அங்கே தலையணை உறை நனைந்துகொண்டே வந்தது.

"யாருடி இது," என்றாள், "என் பக்கத்துல?"